டெல்டாவுக்கு இடிமழை கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் புதிது புதிதாக வானிலை சொல்ல வருகிறார்கள். வரட்டும், இன்னும் நிறையப் பேர் வேண்டும். ஆனால் எங்கள் செட்டு ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள் வரிசைகூட மாறாமல் திரும்பி வருகின்றன. கணினி வானிலை மாடல் காட்டும் உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி நம் நேரமாக்க மறப்பது போன்றவை தானே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிவப்பைப் பார்த்து மழை சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மாடல் வரைபடத்தில் கேப் (CAPE) என்ற ஆற்றல் அளவு கிலோவுக்கு 4000 ஜூல் என்ற அளவைத் தாண்டி, வேதாரண்யத்திலிருந்து மயிலாடுதுறை வரை சிவந்து கிடக்கும். உடனே "டெல்டா முழுக்க இன்று கனத்த இடிமழை" என்று பதிவு.

காற்று மேலே ஏறத் தொடங்கிவிட்டால் அதற்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதுதான் கேப். ஏறத் தொடங்குமா என்பதை அது சொல்லாது. மே மாதத்தில் ஈரமான கடற்காற்று தரையை ஒட்டி ஓடும். அதற்கு மேல், ஒன்றரை கிலோமீட்டர் வாக்கில், மேற்கிலிருந்து வரும் காய்ந்த சூடான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் கவிந்திருக்கும். கீழே ஈரம் சேரச் சேர கேப் ஏறும். மூடி திறக்காவிட்டால் பொழுது சாயும்வரை ஒரு மேகம்கூட வளராது. இந்தத் தடையைக் காட்டும் வரைபடமும் அதே இணையதளத்தில்தான் இருக்கிறது. காரைக்காலில் காலையில் விடும் பலூனின் தரவிலும் அது தெரியும். திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

மூடி பெரும்பாலும் திறப்பது, உள்ளே நுழையும் கடற்காற்றும் மேற்குக் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில். பல நாட்களில் அது அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கம். அதாவது வரைபடத்தில் சிவப்பு வெளுக்கும் ஓரம். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று இருந்தால் அங்கே பிடித்த இடி இரவில் தஞ்சாவூருக்கு வரும். சில நாள் நாகப்பட்டினம்வரை போகும், பல நாள் பாதி வழியில் கரைந்துவிடும்.

ஒரத்தநாடு பக்கம் தெரிந்த விவசாயி ஒருவர் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கோடை நெல் காயவைத்திருந்தார். இப்படியொரு பதிவை நம்பி மதியமே குவித்துத் தார்ப்பாய் போட்டார். அன்றும் மழை இல்லை, மறுநாளும் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டிய நெல்லுக்கு இரண்டு நாள் வெயில் போயிற்று. மூன்றாம் நாள் புதுக்கோட்டைப் பக்கம் மேகம் கட்டியது. போன் செய்தேன். "விடுங்க தம்பி, ரெண்டு நாளா இதத்தானே சொல்றீங்க" என்று விரித்தபடியே விட்டுவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டிய மழையில் அவ்வளவும் நனைந்தது. பதிவு போட்ட தம்பி அன்று எதுவும் எழுதவில்லை. வரைபடத்தில் சிவப்பு குறைவாக இருந்ததாம்.

ஆகவே "டெல்டா" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தாலுகா, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணி வாக்கில் என்று எழுதுங்கள். காலையில் சொல்ல முடியவில்லையென்றால் மூன்று மணிவரை பொறுங்கள். கடற்காற்று எதுவரை நுழைந்திருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தின் மேகக் கோடே பெரும்பாலும் காட்டிவிடும்.

ரேடாரில் ஊதா தெரிந்தால் ஆலங்கட்டி

நம் ஊரில் கனமழையே அந்த நிறத்தைக் காட்டும். இங்கே உறைநிலை ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, சிறு கட்டிகள் தரைக்கு வருமுன் உருகிவிடும். அந்த ஊதா, அதாவது ரேடார் அலையின் வலுவான எதிரொலி, ஏழு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலும் நீடிக்கிறதா என்று பாருங்கள். பெரிய கட்டிக்கு, உயரம் போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் நன்றாக மாறவும் வேண்டும். 2014 பிப்ரவரி, மார்ச்சில் மகாராஷ்டிரத்துப் பயிர்களை ஆலங்கட்டி அழித்தது. அந்தப் பருவத்தில் அங்கே மேல்மட்டக் காற்று பலமாக இருக்கும். மே மாத மன்னார்குடிக்கு அது அபூர்வம். அந்தப் படங்களை எடுத்துப்போட்டு இங்குள்ள பருத்தி விவசாயியைப் பயமுறுத்த வேண்டாம்.

காரைக்கால் ரேடார் எல்லாவற்றையும் பார்க்கும் என்று நம்புவது

திருச்சிக்கு மேல் அதன் அலை போகும்போதே சுமார் 2 கி.மீ. உயரம். அதற்குக் கீழே நடப்பது தெரியாது.

ஐப்பசியிலும் சாயங்காலம் காத்திருப்பது

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கடலிலிருந்து, இரவிலும் விடியலிலும் வரும்.

மழை அளவைத் தேதி மாற்றி எழுதுவது

அரசுக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. திங்கள் இரவு பெய்த மழை செவ்வாய்க்கிழமைப் பட்டியலில்தான் இருக்கும்.