பழைய கமாரோவில் 700ஆர்4 கியர்பாக்ஸ்: மவுண்ட்டைக் கவனியுங்கள்

1967-69 ஷெவர்லே கமாரோவில் வேறு ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின் இறக்கும்போது, பலரும் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கியர்) உள்ள 700ஆர்4 போடுகிறார்கள். எஞ்சினோடு அது சுலபமாகச் சேர்ந்துவிடும். மல்லுக்கு நிற்பது பின்பக்க மவுண்ட்தான், அதாவது கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் தாங்கி. குட்டை வால் (பின்முனை உறை குட்டையான) டர்போ 350-இல் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) முகப்பிலிருந்து மவுண்ட் வரை சுமார் 20.4 அங்குலம், 700ஆர்4-இல் 22.5. மவுண்ட் உட்காரும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பர் 2 அங்குலத்துக்குச் சற்று மேல் பின்னால் போயாக வேண்டும். பழைய துளையிலேயே மாட்ட ஆசைப்பட்டு ரப்பரை இழுத்துப் பிடித்து முடுக்காதீர்கள். ரப்பர் சீக்கிரம் கிழியும், அதிர்வு பாடி முழுக்க ஏறும்.

முதலில் எஞ்சின் மவுண்ட், பின் மவுண்ட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையால் மட்டும் திருகி வையுங்கள். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கியிருக்க, கியர்பாக்ஸை ஜாக்கியால் தாங்கிச் சாய்வை அளந்து பாருங்கள். அது பின்பக்கமாக 3 டிகிரி தாழ்ந்திருந்தால், டிஃபரன்ஷியல் பினியனின் மூக்கு (பின் அச்சில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) அதே 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரமே கூடாது. கியர்பாக்ஸ் அதிகம் தாழ்ந்தால் மவுண்ட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம். சரி, கோணம் அமைந்துவிட்டதா? அப்புறம்தான் கிராஸ்மெம்பருக்குத் துளை, கடைசியில் முடுக்கு.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 3 அங்குலம் குறையும். கியர்பாக்ஸ் உட்கார்ந்த பிறகே அளவெடுங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே எஞ்சினிலிருந்து பாடிக்கு எர்த் பட்டையும் மாட்டிவிடுங்கள்.