ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ விறகு? பசுமைக் கணக்கைத் தொடங்கும் விதம்

சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழைக் காட்டி "நாங்கள் பசுமைத் தோட்டம்" என்பவர்கள் உண்டு. சுற்றாடலைக் கவனிக்க ஒரு நிர்வாக முறை இருக்கிறது என்பதற்கான தாள் அது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எவ்வளவு விறகு எரிந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

படி 1: எல்லை போடுங்கள். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துத் தராசில் தொடங்கி, தேயிலை கொழும்பு ஏலத்துக்கு லொறி ஏறும் வரை. உரமும் மருந்தும் பிறகு வரட்டும். எல்லாவற்றையும் முதல் மாதமே அளக்கப் போனால் மூன்றாம் வாரம் கொப்பி மூலைக்குப் போய்விடும்.

படி 2: எதையும் தயாரித்த தேயிலையின் கிலோவால் வகுங்கள். ஒரு பேச்சுக்கு, மாதத்தில் 90,000 கிலோ கொழுந்து வந்து 20,000 கிலோ தேயிலை இறங்கியது என்போம். ஒரு கிலோவுக்கு நாலரைக் கிலோ கொழுந்து, வழக்கமான கணக்குத்தான். கொழுந்து லொறிகள் குடித்த டீசல் 900 லீட்டர் என்றால் கிலோவுக்கு 45 மில்லிலீட்டர். ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆக, ஒரு கிலோ தேயிலை லொறிப் புகையாக மட்டும் சுமார் 120 கிராமைச் சுமக்கிறது.

படி 3: விறகு. இங்கேதான் எல்லோரும் சறுக்குவது, நானும் சறுக்கினேன். விறகைக் கன மீற்றரில் வாங்குகிறோம். அடுக்கு தளர்ந்திருந்தால் பாதி காற்றுக்குத்தான் காசு. அதனால் ஒரு கன மீற்றரையாவது தராசில் போட்டு நிறை எடுங்கள். அடுத்தது ஈரம். அன்று வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி நிறை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு உலர்த்தும் இயந்திரத்துக்குப் போகும். பிளந்து, கூரைக்கடியில் சில மாதம் காயவிட்ட விறகுக்கும் மழையில் கிடந்த விறகுக்கும் கொப்பியில் தனித்தனிப் பத்தி போடுங்கள். புது இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு விறகுக் கொட்டகை கட்டுங்கள் என்பதே என் கட்சி.

படி 4: மின்சாரம். மாதப் பில்லின் யூனிட்டை எடுத்து வகுத்தால் முடிந்தது. முடிந்தால் கொழுந்து வாட்டும் காற்றாடிகளுக்குத் தனி மீற்றர் வையுங்கள். மணிக்கணக்கில் ஓடுபவை அவைதான்.

படி 5: ஒப்பிடுங்கள், ஆனால் போன மாதத்தோடு வேண்டாம். மழைக் கொழுந்து தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசில் ஏறும். அந்த மாதம் விளைச்சல் வீதம், அதாவது கொழுந்து நிறைக்குக் கிடைக்கும் தேயிலை, இறங்கும், விறகு கூடும். அதற்கு ஸ்டோர்க்காரரைத் திட்டிப் பயனில்லை. போன வருடத்து அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். மஸ்கெலியா ஸ்டோரையும் பதுளை ஸ்டோரையும் பக்கத்தில் பக்கம் நிறுத்துவதும் இதே பிழைதான். மஸ்கெலியா இருக்கும் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை, ஓகஸ்ட்டில் பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்றல்லவா வீசுகிறது.