யூகே டிரைவிங் டெஸ்ட்: ஊர்ல கார் ஓட்டினவங்க கிளாஸையும் சொந்த பிராக்டிஸையும் எப்படி பிரிச்சுக்கலாம்

ஊர்ல நாலஞ்சு வருஷம் கார் ஓட்டி கை பழகினவங்க இங்க வந்து டெஸ்ட்டுக்கு போறப்ப, "டிரைவிங் தெரியும், டெஸ்ட் நடக்குற ரூட்டை மட்டும் ரெண்டு கிளாஸ்ல பார்த்துக்கலாம்"னு நினைச்சுடுறாங்க, அங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது. கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் அவங்களுக்கு நல்லாவே வரும். அவங்க மாட்டிக்கிறது பார்வையில. எந்த மிரரை எப்ப பார்த்தீங்க, ஜங்ஷன்ல ரெண்டு பக்கமும் தலையை திருப்பினீங்களா, கிளம்புறதுக்கு முன்னாடி தோளுக்கு மேல எட்டி பார்த்தீங்களா, இதெல்லாம்தான் டெஸ்ட்ல எக்ஸாமினர் தப்பா குறிப்பார். என்ன தப்பு பண்றோம்னு கண்டுபிடிக்க கிளாஸ், அந்த தப்பு போறவரைக்கும் ஓட்ட சொந்த பிராக்டிஸ், இப்படி பிரிச்சுக்கிட்டா காசும் வீணாகாது.

முதல்ல லைசென்ஸ் விஷயம். இந்தியா லைசென்ஸையோ இலங்கை லைசென்ஸையோ இங்க நேரா மாத்தி வாங்க முடியாது, டெஸ்ட் எழுதித்தான் ஆகணும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல குடியேறின நாள்ல இருந்து 12 மாசம் ஊர் லைசென்ஸ்லயே ஓட்டலாம். இந்த 12 மாசத்துக்குள்ள இங்கத்து பிராவிஷனல் லைசென்ஸ் (லேர்னர் லைசென்ஸ்) வாங்கிட்டாலும் அந்த உரிமை போகாது, எல் போர்டும் வேண்டாம், பக்கத்துல ஆளும் வேண்டாம். இன்சூரன்ஸ் மட்டும் கண்டிப்பா வேணும். இந்த ஒரு வருஷத்தை சும்மா விட்டுட்டு பதினோராவது மாசம் ஓடுறவங்கதான் அதிகம். 12 மாசம் முடிஞ்சதும் சட்டப்படி நீங்க லேர்னர், பத்து வருஷ அனுபவம்னு சொன்னாலும் எடுபடாது. தனியா ஓட்டிட்டு மாட்டினா லைசென்ஸ் இல்லாம, இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டின கணக்குதான்.

தியரியை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 50 கேள்வி, 57 நிமிஷம், 43 சரியா இருக்கணும். அப்புறம் ஹசார்ட் பெர்செப்ஷன்னு 14 வீடியோ, 75க்கு 44 எடுக்கணும், ரெண்டுலயும் ஒரே நேரத்துல பாஸ் ஆகணும். ஆபத்து உருவாக ஆரம்பிக்கும்போதே கிளிக் பண்ணணும், பயத்துல டக் டக்னு தொடர்ந்து அழுத்தினா அந்த வீடியோவுக்கு பூஜ்யம். முன்னாடி தமிழ்லயே கேள்வியை கேட்டு எழுதற வசதி இருந்துச்சு, 2014 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க, இப்ப இங்கிலீஷ், வெல்ஷ் மட்டும்தான். ஊர்ல இருந்து அப்பா அம்மாவையோ, இங்கிலீஷ்ல தயங்குற மனைவியையோ தயார் பண்றவங்க ரோட்டு விதி புத்தகமான ஹைவே கோட் புத்தகத்தை பக்கம் பக்கமா தமிழ்ல பேசி புரிய வெச்சுட்டு அப்புறம் இங்கிலீஷ் கேள்விக்கு போங்க, மனப்பாடம் பண்ண வெச்சா ரோட்டுல உதவாது. பாஸ் பண்ணினா 2 வருஷம் செல்லும், அதுக்குள்ள பிராக்டிகல் முடிக்கணும்.

இப்ப கிளாஸ். முதல் கிளாஸ்லயே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட "நான் ஊர்ல ஓட்டியிருக்கேன், இன்னைக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம், ஒரு மணி நேரம் ஓட்டறேன், தப்பை மட்டும் எழுதி குடுங்க"ன்னு கேட்டுடுங்க. அந்த லிஸ்ட்தான் உங்க சிலபஸ். காரோட முன் கண்ணாடியில அவரோட பேட்ஜ் இருக்கான்னு பாருங்க, பச்சை எண்கோணம்னா ஏடிஐ, அதாவது முழு தகுதி பெற்ற அரசு அங்கீகார இன்ஸ்ட்ரக்டர், பிங்க் முக்கோணம்னா அவரே இன்னும் பயிற்சியில இருக்கறவர். பயிற்சியில இருக்கறவர்னா மோசம்னு இல்ல, ஆனா முழு ரேட் கேட்டா ஏன்னு கேளுங்க. டெஸ்ட் நடத்துற டிவிஎஸ்ஏ சொல்ற சராசரி 45 மணி நேரம் கிளாஸ், 22 மணி நேரம் சொந்த பிராக்டிஸ். புதுசா கத்துக்கறவங்களுக்கு அது சரியா இருக்கும், ஏற்கனவே ஓட்டினவங்களுக்கு கிளாஸ் நிறைய குறையும், பிராக்டிஸ் குறையாது. காரணம், பழைய பழக்கத்தை விடறதுதான் இங்க வேலை.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கான்னு குழம்பறவங்களுக்கு: ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணினா ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். வீட்ல இருக்கற கார் ஆட்டோமேட்டிக்னா அதுலயே போங்க, வீம்புக்கு மேனுவல் வேண்டாம்.

சொந்த பிராக்டிஸ்ல பக்கத்துல உக்கார்றவருக்கு 21 வயசுக்கு மேல இருக்கணும், ஃபுல் லைசென்ஸ் வாங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும், மேனுவல் கார்னா மேனுவல் லைசென்ஸ் இருக்கணும். அது இங்கத்து லைசென்ஸாவோ ஐரோப்பிய லைசென்ஸாவோ இருக்கணும். ரூம்மேட் சென்னையில 15 வருஷம் ஓட்டியிருக்கார், இங்க போன வருஷம்தான் பாஸ் பண்ணினார்னா அவர் உக்கார முடியாது. உக்கார்றவர் ஃபோன் நோண்டக்கூடாது, குடிச்சிருக்கக்கூடாது, அவர் ஏடிஐ இல்லாம உங்ககிட்ட காசும் வாங்கக்கூடாது. எல் போர்டு முன்னாடியும் பின்னாடியும் வேணும். அவரோட கார்ல ஓட்ட லேர்னர் இன்சூரன்ஸ்னு நாள் கணக்குல, மாச கணக்குல கிடைக்குது. மோட்டார்வேக்கு அவரோட போக முடியாது, அது ஏடிஐயோட, அவர் பக்கமும் பிரேக் இருக்கற டூயல் கன்ட்ரோல் கார்ல மட்டும்தான்.

கணவன் மனைவி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்தா பாதி நாள் சண்டையிலதான் முடியும். அதுக்கு ஒரே வழி, பக்கத்துல இருக்கறவர் பாடம் எடுக்கவே கூடாது. போன கிளாஸ்ல இன்ஸ்ட்ரக்டர் எழுதின ரெண்டு தப்பு, இன்னைக்கு அந்த ரெண்டு மட்டும்தான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க. ஓடிட்டு இருக்கும்போது ஆபத்துன்னா மட்டும் வாயைத் திறங்க, மத்ததெல்லாம் வண்டியை நிறுத்தினப்புறம்.

எதை பிராக்டிஸ் பண்றது? வண்டி எடுக்கறதுல இருந்து ஆரம்பிங்க, அதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஓரமா நிக்கிறீங்க. முதல் கியர் போட்டு கிளட்ச் பிடிக்கிற இடத்துக்கு கொண்டு வந்துட்டு, இடது தோள்பட்டை பக்கம், இடது மிரர், நேரா முன்னாடி, நடு மிரர், வலது மிரர், கடைசியா வலது தோளுக்கு மேல பின்னாடி, அப்புறம்தான் ஹேண்ட்பிரேக். பார்த்து முடிக்கறதுக்குள்ள ஒரு சைக்கிள் வந்துச்சுன்னா அது போனதும் மறுபடி முதல்ல இருந்து பாருங்க, பழைய பார்வையை நம்பி கிளம்பாதீங்க. ஒரே தெருவுல நிறுத்தி எடுத்து நிறுத்தி எடுத்துன்னு இதையே பண்ணினா தலை தானா திரும்ப ஆரம்பிச்சுடும்.

அடுத்து ரவுண்டானா. வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழி விடணும், நிறுத்தியே ஆகணும்னு இல்ல, ஆள் இல்லைன்னா போய்ட்டே இருக்கலாம், சும்மா நின்னாலும் தப்பா எழுதுவாங்க. நேரா போறதுக்கு பொதுவா இடது லேன், உள்ள போகும்போது இண்டிகேட்டர் வேண்டாம், உங்க எக்ஸிட்டுக்கு முந்தின எக்ஸிட்டை தாண்டினதும் இடது மிரர் பார்த்து இடது இண்டிகேட்டர். வலது பக்கம் போறதுன்னா வலது லேன், வலது இண்டிகேட்டரோட உள்ள போய், அதே மாதிரி முந்தின எக்ஸிட்டை தாண்டினதும் இடதுக்கு மாத்தணும். ரோட்டுல எழுதியிருக்கற அம்புக்குறி வேற மாதிரி சொன்னா அதுதான் கணக்கு.

ஊர் பழக்கம்னு சிலது இருக்கு, அதை தனியா எடுத்து விடணும். நம்மூர்ல எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா "நான் வர்றேன், ஒதுங்கு", இங்க பெரும்பாலும் "நீ போ"ன்னு அர்த்தத்துல அடிப்பாங்க. ஹைவே கோட்படி அது ரெண்டுமே இல்ல, நான் இருக்கேன்னு காட்டறதுக்கு மட்டும்தான், அதனால டெஸ்ட்ல யார் லைட் அடிச்சாலும் நீங்களே பார்த்து முடிவு பண்ணி போங்க. பெட்ரோல் மிச்சம்னு சிக்னலுக்கு ரொம்ப முன்னாடியே கிளட்சை அமுக்கி வண்டியை உருள விடறது இங்க தப்பு. நீங்க திரும்பற தெருவை கடக்க ஒருத்தர் ஓரமா நின்னா அவருக்கு வழி விடணும், 2022 ஜனவரியில வந்த விதி. சைக்கிளை தாண்டும்போது குறைஞ்சது ஒன்றரை மீட்டர் இடைவெளி. ஸ்பீடும் கவனிங்க, இங்க கணக்கு மைல்ல, 20 போர்டு உள்ள தெருவுல 26ல போறதும் தப்பு, 60 ரோட்டுல காரணமே இல்லாம 40ல ஊர்றதும் தப்பு.

பார்க்கிங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில பண்ணுங்க, இங்கிலாந்துல பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் அன்னைக்கு லேட்டாதான் திறக்கும், கார் பார்க் காலியா கிடக்கும். கோடு போட்ட கட்டத்துக்குள்ள நிறுத்தற பே பார்க்கிங், ரோட்டோரமா நிறுத்தற பேரலல் பார்க்கிங், இன்னொன்னு ரோட்டோட வலது பக்கம் நிறுத்தி ரெண்டு கார் நீளத்துக்கு ரிவர்ஸ் போய் மறுபடி கிளம்பறது. டெஸ்ட்ல இதுல ஒண்ணுதான் கேப்பாங்க. கோணலா போனா நிறுத்தி சரி பண்ணிக்கலாம், அது ஃபெயில் இல்ல, பின் கண்ணாடி வழியா பார்க்காம ரிவர்ஸ் போறதுதான் ஃபெயில்.

டெஸ்ட் தேதியை தியரி பாஸ் ஆன அன்னைக்கே தேட ஆரம்பிச்சுடுங்க, பல ஊர்ல மாசக்கணக்குல காத்திருக்கணும். அரசு வெப்சைட்ல வார நாள் கட்டணம் 62 பவுண்டு, சாயங்காலம், வார இறுதின்னா 75. வாட்ஸ்அப்ல 200, 300க்கு விக்கிறவங்ககிட்ட போகாதீங்க, உங்க லைசென்ஸ் நம்பரை தெரியாத ஆள்கிட்ட குடுக்கறீங்க. தேதிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி இன்ஸ்ட்ரக்டரை வாயே திறக்காம ஒரு மாக் டெஸ்ட் வைக்கச் சொல்லுங்க. பெரிய தப்பு வந்தா தேதியை தள்ளி வையுங்க, 10 முழு வேலை நாளுக்கு முன்னாடி மாத்தினாதான் கட்டணம் போகாது.

டெஸ்ட் சுமார் 40 நிமிஷம். முதல்ல 20 மீட்டர்ல நம்பர் பிளேட் படிக்கச் சொல்வாங்க, அது முடியலைன்னா வண்டியே எடுக்க விட மாட்டாங்க, கண்ணாடி போடறவங்க மறக்காம எடுத்துட்டு போங்க. சின்ன தப்பு 15 வரைக்கும் பாஸ், பெரிய தப்பு ஒண்ணு வந்தாலே ஃபெயில். டெஸ்ட்ல கொஞ்ச நேரம் சாட்நாவ் (வழி சொல்ற கருவி) பார்த்து ஓட்டச் சொன்னா, அது சொன்ன வழியை விட்டு வேற தெருவுல திரும்பிட்டா அதுக்கு தப்பு போட மாட்டாங்க, லேனை வெடுக்குனு மாத்தி சரி பண்ணப் பார்த்தாதான் போடுவாங்க. சொந்த கார்ல போறவங்க எக்ஸாமினருக்குன்னு உள்ள ஒரு எக்ஸ்ட்ரா மிரர் ஒட்டணும், டேஷ்போர்டுல வார்னிங் லைட் எதுவும் எரியக்கூடாது.

ஃபெயில் ஆனா 10 வேலை நாள் கழிச்சுத்தான் அடுத்தது. ரிசல்ட்டை இன்ஸ்ட்ரக்டர்கிட்ட காட்டி அந்த தப்புகளுக்கு மட்டும் பிராக்டிஸ் போடுங்க. பாஸ் ஆனா சந்தோஷத்துல சாவியை எடுத்து சொந்த கார்ல வீட்டுக்கு கிளம்பிடாதீங்க, நிறைய லேர்னர் இன்சூரன்ஸ் நீங்க பாஸ் ஆன அந்த நிமிஷமே முடிஞ்சுடும். கூட வந்தவர் ஓட்டட்டும், புது இன்சூரன்ஸ் எடுத்தப்புறம் நீங்க உக்காருங்க.