சீன டெக் கெடுபிடி: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஜாக் மா வாயைத் திறந்தார், அரசு அலிபாபாவை நொறுக்கிவிட்டது." சீன டெக் துறை பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் இப்படித்தான் முடித்துவிடுகிறோம். உண்மையில் இதில் இரண்டு வழக்குகள் கலந்து கிடக்கின்றன.

2020 அக்டோபரில் ஷாங்காயில் பேசிய ஜாக் மா (ஆன்லைன் சந்தை நிறுவனமான அலிபாபாவைத் தொடங்கியவர்), சீன வங்கிகளுக்கு அடகுக்கடை மனப்பான்மை என்றார். நவம்பர் 3 அன்று நிறுத்தப்பட்டது, அலிபாபாவோடு தொடர்புடைய நிதிச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு. பேச்சு கோபமூட்டியிருக்கலாம், ஆனால் உறுத்தல் அதற்கு முன்பே இருந்தது. ஆன்ட் வழியாகப் போன கடனில் அதன் சொந்தப் பணம் 2% அளவுதான். மீதி ரிஸ்க் பெரும்பாலும் வங்கிகளின் தலையில். வங்கிகளோடு சேர்ந்து தரும் கூட்டுக் கடனில் இத்தகைய நிறுவனங்கள் 30% சொந்தப் பணம் போட வேண்டும் என்ற வரைவு விதி அதே வாரம் வந்தது.

அலிபாபாவின் 1,822.8 கோடி யுவான் அபராதம் வேறு கதை. விற்பனையாளர்கள் போட்டித் தளங்களில் கடை போடக் கூடாது என்று நெருக்கியதற்காக, 2021 ஏப்ரலில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு விதித்தது. டாக்ஸி ஆப் நிறுவனமான டிடியைப் பிடித்ததோ சைபர்வெளி நிர்வாகம், விவகாரம் தரவு. ஆகவே 'சீன அரசு' என்று தலைப்பில் பார்த்தால், எந்த அமைப்பு, எந்தச் சட்டப்படி என்று ஒரு வரி தள்ளியும் படியுங்கள்.

வரைவைச் சட்டமாக எடுத்துக்கொள்வது பணத்தையே கரைக்கும் தவறு. 2023 டிசம்பர் 22 அன்று, ஆன்லைன் கேம்களில் தினசரி லாகின் பரிசுகளைத் தடுக்கும் வரைவு வெளியானது. கேம்களை வெளியிடும் பெரிய நிறுவனமான டென்சென்ட்டின் பங்கு ஒரே நாளில் 12% சரிந்தது. அடுத்த மாதமே அந்த வரைவு அரசு இணையதளத்திலிருந்து காணாமல் போனது! பதறி விற்றவர்களுக்குத்தான் நஷ்டம்.

பெய்ஜிங்குக்குத் தொழில்நுட்பமே ஆகாது என்பாரும் உண்டு. டியூஷன் நிறுவனங்கள் பள்ளிப் பாடங்களை வைத்து லாபம் பார்க்க 2021இல் தடை போட்ட அதே அரசுதான், சிப் தயாரிப்புக்கான நிதியின் மூன்றாம் கட்டத்தை 2024 மே மாதம் 34,400 கோடி யுவானில் தொடங்கியது. செல்லப்பிள்ளை யார் என்பதில் அங்கே ஒளிவுமறைவே இல்லை.

2025 பிப்ரவரியில் ஷி ஜின்பிங் கூட்டிய தொழில்முனைவோர் கூட்டத்தில் ஜாக் மா முன்வரிசையில் உட்கார்ந்ததும், 'கெடுபிடி ஓய்ந்தது' என்று எழுதினார்கள். அபராதக் காலம் ஓய்ந்தது சரி. விதிகள் எங்கும் போகவில்லை: அதே ஆண்டு செப்டம்பர் முதல், ஏஐ உருவாக்கிய படத்துக்கும் எழுத்துக்கும் அடையாளக் குறி கட்டாயமானது.