கியோட்டோ பொன்பதிப்புப் பொருள் வாங்கும் முன்

1876-இல் ஜப்பானில் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும், வாள் உறுப்புகளில் பொன் பதித்துக்கொண்டிருந்த கைவினைஞர்கள் பலர் ஜாடி, பெட்டி, தட்டு என்று வெளிநாட்டுக்குச் செய்து அனுப்பத் தொடங்கினார்கள். கியோட்டோவின் கோமாய் பட்டறைப் பொருள்களுக்கு இன்றும் நல்ல கிராக்கி.

வாங்கப் போகும்போது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். அடித்தளம் இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். அப்புறம் விளிம்பில் தங்கம் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள்: உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய, துணி நெசவு போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் தங்கத் தகட்டை அடித்துப் பதித்த வேலை, வழவழவென்று இருந்தால் முலாமாக இருக்கலாம். பட்டறையின் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதைப் போலியாகப் போட முடியும்.

வீட்டுக்கு வந்ததும் பாலிஷ் போடவே கூடாது, தங்கத்தைச் சுற்றி இரும்பின் மேல் இருக்கும் கறுப்புப் பரப்பு போனால் போனதுதான். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.