பேச்சுப் பயிற்சிக்கு விஆர் வாங்கியாச்சா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புதுச்சேரியில் ஹோட்டல், கடை ஊழியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தலையில் மாட்டினால் கண்முன் கற்பனைக் காட்சியைக் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் அதற்கு அருமையான கருவி. மாட்டிய உடனே அரங்கம் நிறைய ஆட்கள் கண்முன் உட்கார்ந்திருப்பார்கள்; தடுமாறினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம்.

ஆனால் நாம் பேசியதற்கு அதிலுள்ள மென்பொருள் போடும் மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. ஆங்கிலப் பேச்சுக்காகச் செய்த மென்பொருள் 'யூ நோ' மாதிரி வெற்றுச் சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிச் சொல்லும். நாம் வாக்கியத்துக்கு ஒன்று போடும் 'வந்து' அதன் காதிலேயே விழாது.

ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் பயிற்சி. அறை தயாராகவில்லை என்று ஹெட்செட் காட்சியில் ஒரு விருந்தினர் கத்துகிறார். "சார், இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உட்காருங்க, மோர் கொண்டு வரச் சொல்றேன்" என்று அந்தப் பெண் தொடங்கினார். பக்கத்தில் நின்ற எனக்கே மனசு குளிர்ந்தது. திரையில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அடுத்த முறை மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பித்தார், மதிப்பெண் ஏறியது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "எனக்குப் பேசவே வராது போலிருக்கு சார்" என்றார். அன்றிலிருந்து மதிப்பெண்ணை அணைத்துவிடுகிறேன். பேசியதைப் பதிவு செய்து, கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு உட்கார்ந்து கேட்டு, அதைப் பற்றிப் பேசுகிறோம். ஹெட்செட்டில் பேசிய நேரத்தைவிட இப்படிக் கேட்டு அலசுவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதல் நாளே அரை மணி நேரம் மாட்டி வைக்காதீர்கள். கண் நகர்வதாகச் சொல்லும், உடலின் அசைவை உணரும் உள்காது உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் தலை சுற்றி வாந்தி வருகிறது. நின்ற இடத்திலேயே பேசும் காட்சியாகப் பார்த்து பத்து நிமிடம் போதும். இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஏற்றபடி மாற்றுங்கள். மெட்டா குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. பொருந்தாவிட்டால் காட்சி மங்கும், கண் வலிக்கும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். ஜன்னலோரம் வைத்தால் லென்ஸ் வழியாகச் சூரிய ஒளி குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். வியர்வைக்குத் துடைக்கக்கூடிய முக உறை போடுங்கள். லென்ஸைச் சானிடைசரால் துடைக்க வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணி போதும்.

ஹெட்செட்டோடு பயிற்சியை முடித்துக்கொள்வதும் தவறுதான். அந்தப் பெண்ணை அன்று மாலையே வரவேற்பு மேசையில் நிற்க வைத்தோம். மேலாளரே பெட்டியை இழுத்துக்கொண்டு, கோபக்கார விருந்தினராக வந்தார். அந்தப் பெண் மோரில்தான் தொடங்கினார்.