சதுர அடி சொன்னது எட்டுப் பெட்டி, அறை கேட்டது பன்னிரண்டு

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் பழைய வீட்டின் நடு அறைக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை. வெடித்துப் பொரிந்துவிட்டது. "எத்தனை பெட்டி ரைல்ஸ் என்று சரியாகச் சொல், காசு அனுப்புகிறேன்" என்றார் கனடாவில் இருக்கும் அக்கா. பத்து நிமிடத்தில் "எட்டு" என்றேன். பிறகு இரண்டாவது தடவை காசு கேட்க வேண்டி வந்தது. அந்த அவமானத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முதற்கணக்கு இதுதான். அறை 12 அடி 4 அங்குலம் நீளம், 10 அடி 2 அங்குலம் அகலம். ஏறக்குறைய 125 சதுர அடி. இரண்டடி ரைல்ஸ் கல் ஒன்று நான்கு சதுர அடி என்று எடுத்தால் 32 கல். பெட்டிக்கு நான்கு, ஆக எட்டுப் பெட்டி. முதற்பிழை அங்கேயே இருக்கிறது. கடையில் "இரண்டடி" என்று தருவது 60 சென்ரிமீற்றர்க் கல். அது 24 அங்குலம் அல்ல, 23.6 அங்குலம். கல்லொன்று 3.9 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. அதை வைத்து வகுத்தால் 33 வருகிறது.

பெரிய பிழை வேறு. தரை சதுர அடியால் நிரம்புவதில்லை, வரிசையால் நிரம்புகிறது. 148 அங்குல நீளத்தில் ஆறு முழுக் கல் வைத்தால் ஆறு அங்குலத் துண்டு மிஞ்சும். அகலத்தில் ஐந்து முழுக் கல்லும் நான்கு அங்குலத் துண்டும். அப்படிப் பதித்தால் 34 கல்லில் முடித்துவிடலாம். மேசன் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய வீடு தம்பி, சுவர் நேரில்லை" என்றார். நம்பாமல் மூலைக்கு மூலை நாடா பிடித்தேன். சரியான அறையென்றால் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். நீளத்தை மூன்று இடத்தில் அளந்தபோது ஒரு பக்கம் 12 அடி 2 அங்குலம்தான் வந்தது. (எப்போதும் கூடிய அளவையே கணக்குக்கு எடுங்கள்.) ஆறு அங்குலத் துண்டு மறுமுனையில் நான்காகக் குறுகினால் வாசலில் நிற்பவர் கண் நேரே அங்கேதான் போகும். பதினைந்து அங்குலத் துண்டில் அதே கோணல் யாருக்கும் தெரியாது.

அதனால் நடுவிலிருந்து பதித்தார். நீளத்தில் ஐந்து முழுக் கல், இரு பக்கமும் 15 அங்குலத் துண்டு. அகலத்தில் நான்கு முழுக் கல், இரு பக்கமும் ஏறக்குறைய 14 அங்குலம். துண்டு கல்லின் பாதியைத் தாண்டினால் ஒரு கல்லில் ஒரு துண்டுதான் வரும். ஆக ஏழு வரிசை, ஆறு வரிசை: 42 கல். 34 எங்கே, 42 எங்கே! அறை மாறவில்லை, தொடங்கிய இடம் மட்டும் மாறியது.

ஆனால் மிஞ்சிய துண்டுகள் வீணாகவில்லை. எட்டரை அங்குல மிச்சத்தில் சுவரடிக்கு ஒட்டும் நான்கு அங்குலப் பட்டி இரண்டு வெட்டலாம். வாசலைக் கழித்து எங்களுக்கு 22 பட்டி போதும். அவ்வளவும் மிச்சத்திலேயே கிடைத்தன. மற்ற முறையில் அதற்கென்று மூன்று நான்கு கல் தனியே போயிருக்கும்.

நான் மறந்தது வாசல். சுண்ணக்கல் சுவர் ஒன்றேகால் அடித் தடிப்பு, நிலைக்குக் கீழேயும் தரைதான். அதற்கு இரண்டு கல். மொத்தம் 44, பதினொரு பெட்டி. உடைவுக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு.

கடைசிப் பெட்டிகளை வாங்கும்போது பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தை (ஒரே தடவையில் செய்த கற்களுக்கான இலக்கம்) பாருங்கள். இரண்டாவது தடவை கடைக்காரர் "அதே நிறம்தான்" என்று வேறு தொகுதியைத் தூக்கி வைத்தார். வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பால், மற்றது மோர். திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய இலக்கம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன்.

வெட்டும்போது ஒன்று உடைந்தது. மீதி மூன்றும் கட்டிலுக்குக் கீழே, இலக்கம் தெரியும்படி பெட்டியோடு இருக்கின்றன.